தித்தி கெராவாங் மேட்டில் நின்றுபோன எம்ஜிபி

மாமாவின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியைப் பினாங்குத் தீவின் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு ஓட்டிச் சென்ற அன்று, அணைக்கட்டைத் தாண்டித் தித்தி கெராவாங் அருவியை நெருங்கும்போது இயந்திரம் இருமத் தொடங்கி, டுரியான் கடை ஒன்றின் எதிரே நின்றேவிட்டது. இந்தக் காரில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களும் புகைக்குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் இருப்பதால், மேட்டில் மெதுவாக ஏறும்போது காற்றோட்டம் குறைந்து, பினாங்கு வெயிலும் சேர்ந்துகொள்ள, கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் தேங்கியுள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடுகிறது. தொலைபேசியில் அழைத்தபோது மாமா, "பானட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் உட்காருடா, தானாக வரும்" என்றார். டுரியான் வாங்கித் தின்றபடி காத்திருந்தேன்.

கார்கள் மலைச்சாலையில் ஏறும் மலையேற்றப் பந்தயங்களை நான் விரும்பிப் பார்ப்பதற்குக் காரணமே இதுதான். சமதளத்தில் மறைந்திருக்கும் குறையை மேடு மறைக்க விடாது. இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் உள்ள ஷெல்ஸ்லி வால்ஷில் 1905ஆம் ஆண்டு முதல் இப்பந்தயம் நடக்கிறது. பாதையின் நீளம் 1000 கஜம், அதாவது 914 மீட்டர் மட்டுமே. கார்கள் ஒன்றோடொன்று முட்டி மோதுவதில்லை. ஒவ்வொன்றும் தனியே கிளம்பிக் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடுகிறது. 1935இல் ரேமண்ட் மேஸ், ஈஆர்ஏ என்ற பிரிட்டிஷ் பந்தயக் காரில் அந்த மேட்டை 39.6 வினாடிகளில் ஏறி, 40 வினாடி என்ற எல்லையை முதன்முதலாக உடைத்தார். கிளம்பும் கணத்தில் சக்கரம் சுழன்றே நேரம் வீணாகிவிடும் என்பதால், அக்காலத்துக் கார்கள் பலவற்றில் பின்புறம் இரட்டைச் சக்கரங்களைப் பூட்டினார்கள்.

அமெரிக்காவின் பைக்ஸ் பீக்கில் சிக்கல் வேறு. அங்கே 156 வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஏறி, 4,302 மீட்டர் உயரத்தில் முடிக்கவேண்டும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால், கார்புரேட்டர் பூட்டிய பழைய காரில் கீழே அளவாக இருந்த பெட்ரோல் கலவை உச்சியில் மிகையாகிவிடும். எந்த உயரத்துக்குக் கலவையைச் சரிசெய்வது என்பதை ஓட்டுநர் கிளம்பும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

மேட்டில் வேகமாக ஏற எடை குறைவாக இருக்கவேண்டும். ஆனால் அதைக் குறைப்பதில் ஜெர்மன் கார் நிறுவனமான போர்ஷே காட்டிய பிடிவாதம் எனக்குக் கொஞ்சம் அச்சமூட்டுகிறது. மலையேற்றப் பந்தயத்துக்காக 1968இல் அவர்கள் கட்டிய 909 காரில் பெட்ரோல் பம்பே கிடையாது. கோள வடிவ டைட்டானியத் தொட்டிக்குள் அடைத்த வாயுவின் அழுத்தமே பெட்ரோலை இயந்திரத்துக்குத் தள்ளியது. அதே ஆண்டு ஜெர்மனியின் ராஸ்ஃபெல்டு மலையில், போர்ஷே 910 காரை ஓட்டிய இத்தாலியப் பந்தய வீரர் லுடோவிகோ ஸ்கார்ஃபியோட்டி விபத்தில் உயிரிழந்தார்.

எங்கள் எம்ஜிபியின் கதை அவ்வளவு பெரியதன்று. மறுவாரம் மாமா கார்புரேட்டரைக் கழற்றியபோது, அதற்கும் புகைக்குழாய்க்கும் இடையிலிருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டின் பூச்சு முழுவதும் உதிர்ந்து, வெறும் தகரமாக இருந்தது. புதிய தகடு போட்டு, அதே சாலையில், அதே வெயிலில், இரண்டாவது கியரில் நிதானமாக ஏறினோம். டுரியான் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பழம் வெட்டக் கத்தியை எடுத்தார். மாமா கையசைத்துவிட்டு நிற்காமல் போனார்.