ஜட்ஜ் எலக்ஷனுக்கு எண்டார்ஸ்மென்ட் வாங்கின அனுபவம்

நாங்க இருக்கிறது அமெரிக்காவுல வாஷிங்டன் ஸ்டேட், கிங் கவுண்டி, ரெட்மண்ட் பக்கம். இங்க சுப்பீரியர் கோர்ட் (எங்க கவுண்டியோட பெரிய விசாரணை கோர்ட்) ஜட்ஜ் ஆகணும்னா மக்கள்கிட்ட ஓட்டு வாங்கணும், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. மதுரைல இருக்கிற எங்க அப்பாகிட்ட போன்ல இதைச் சொன்னப்ப "என்னம்மா சொல்ற, ஜட்ஜ் வீடு வீடா வந்து ஓட்டு கேப்பாரா, அப்புறம் எப்படி நியாயமா தீர்ப்பு சொல்லுவாரு"ன்னு கேட்டார். அந்தக் கேள்வி அந்த ஆறு மாசமும் என் மண்டைக்குள்ளயே இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு வக்கீல் அம்மா நின்னாங்க, நான் அவங்களுக்கு எண்டார்ஸ்மென்ட் (இவங்களை ஆதரிக்கிறேன்னு மத்தவங்க தங்களோட பேரைக் குடுக்கிறது) சேர்க்கிற வேலைய எடுத்துக்கிட்டேன். எந்த வருஷம், எந்த சீட், ஜெயிச்சாங்களா தோத்தாங்களான்னு சொல்லப் போறதில்ல, சொன்னா யாருன்னு தெரிஞ்சிடும். வேலை எப்படி நடந்துச்சுன்னு மட்டும் எழுதுறேன், இதுல இறங்கப் போற யாருக்காவது உதவும்.

ஏன் எண்டார்ஸ்மென்ட்டுக்கு இவ்வளவு மதிப்புன்னு முதல்ல சொல்லிடுறேன். இங்க ஜட்ஜ் எலக்ஷன்ல கட்சி கிடையாது, பேலட்ல, அதாவது ஓட்டுச் சீட்டுல, பேருக்குப் பக்கத்துல கட்சி பேர் வராது. சின்னமும் இல்ல. ஜட்ஜா நிக்கிறவங்க "நான் வந்தா இந்த மாதிரி கேஸ்ல இப்படித்தான் தீர்ப்பு குடுப்பேன்"னு வாக்குறுதி குடுக்கவும் கூடாது, அது நீதிபதிகளுக்கான நடத்தை விதி. 2002ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் மினசோட்டா ஸ்டேட் கேஸ் ஒன்னுல, நிக்கிறவங்க தங்களோட கருத்தைச் சொல்றதைத் தடுக்கக் கூடாதுன்னு 5க்கு 4ன்னு தீர்ப்பு குடுத்தாங்க, ஆனா வாக்குறுதி குடுக்கக் கூடாதுங்கிற விதி அப்படியே தான் இருக்கு. கட்சியும் இல்ல, வாக்குறுதியும் இல்லன்னா ஓட்டு போடுறவங்க எதைப் பாத்து முடிவு பண்ணுவாங்க? இவங்களை யார் நம்புறாங்கன்னு தான் பாப்பாங்க. அதனால அந்தப் பேர் லிஸ்ட் உண்மையா இருக்கணும், ஒரு பேர் கூட சும்மா வந்திருக்கக் கூடாது. இதை நான் தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டேன்.

முதல் தப்பு ஈமெயில்ல. பக்கத்து ஊர் மேயர்கள், கவுன்சில் மெம்பர்கள், ஸ்கூல் போர்டு ஆளுங்க எல்லாரோட அட்ரஸையும் சிட்டி வெப்சைட்ல இருந்து எடுத்து ஒரே ராத்திரில நாப்பது பேருக்கு மெயில் அனுப்பிட்டு நிம்மதியா தூங்கிட்டேன். மறுநாள் காலைல ஒரு கவுன்சில் மெம்பர் அவங்க சொந்த போன்ல இருந்து கூப்பிட்டு, கோபமே இல்லாம, ஆனா ரொம்பத் தெளிவா சொன்னாங்க, இது கவர்மென்ட் ஈமெயில், எலக்ஷன் வேலைக்கு அரசாங்க வசதி எதையும் பயன்படுத்தக் கூடாதுன்னு இந்த ஸ்டேட்ல சட்டம் இருக்கு, நான் இதுல இருந்து "சரி"ன்னு ஒரு வார்த்தை பதில் போட்டாக்கூட எனக்கு தான் பிரச்சனை, இனிமே சொந்த ஈமெயில் கேட்டு வாங்கி அதுக்கு அனுப்புங்கன்னு. அன்னிக்கு ஃபுல்லா உக்காந்து நாப்பது பேரையும் வேற வழில தேடினேன். யாரு யாருக்குத் தெரியும்னு கேட்டுக் கேட்டு சொந்த நம்பர் வாங்கவே ரெண்டு வாரம் ஓடிடுச்சு.

ரெண்டாவது தப்பு தான் பெருசு. ஒரு சம்மர் பிக்னிக்ல ரிட்டயர் ஆன ஒரு பெரிய மனுஷரைப் பாத்தேன், ஊர்ல எல்லாருக்கும் அவர் மேல மரியாதை. எங்க வேட்பாளரைப் பத்தி சொன்னேன், "ஆமா ஆமா நல்லவங்க, கண்டிப்பா ஹெல்ப் பண்றேன்"னு கையப் பிடிச்சு சொன்னார். நான் அதை எண்டார்ஸ்மென்ட்டாவே எடுத்துக்கிட்டேன். பிளையர்ல (வீடு வீடா குடுக்கிற நோட்டீஸ்) அவர் பேர் மேல இருந்து மூணாவது. பிரிண்ட் ஆகி வந்து ரெண்டு அட்டைப்பெட்டி எங்க கராஜ்ல இருக்கு, பாதி பெட்டி ஏற்கனவே வாலண்டியர்ஸ் கைக்குப் போயாச்சு, அப்ப அவர்கிட்ட இருந்து போன். "நான் ஹெல்ப் பண்றேன்னு சொன்னேன், என் பேரைப் போடச் சொல்லலியே, ஜட்ஜ் எலக்ஷன்ல நான் யாருக்கும் பேர் குடுக்கிறதில்லன்னு ரொம்ப வருஷமா வச்சிருக்கேன்"னார். எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. அவர் சத்தம் போட்டிருந்தா கூட பரவாயில்லன்னு இருந்துச்சு.

வேட்பாளர் அம்மாவுக்கு போன் பண்ணி சொன்னேன். ஒரு நிமிஷம் கூட யோசிக்கல அவங்க. "எல்லா பிளையரையும் திரும்ப வாங்குங்க, ஒன்னு கூட வெளில இருக்கக் கூடாது, நான் இப்பவே அவர்கிட்ட பேசுறேன்"னாங்க. அந்தப் பேர் மேல ஸ்டிக்கர் ஒட்டிடலாம்னு ஒருத்தர் ஐடியா குடுத்தார், அதுக்கும் வேணாம்னுட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் நானும் என் பொண்ணும் கார்ல போய் பதினோரு வீட்டுல பிளையரைத் திரும்ப வாங்கிட்டு வந்தோம், எல்லாத்தையும் ரீசைக்கிள் தொட்டில போட்டோம். காசு போச்சு, நேரம் போச்சு, ஆனா நியாயம் பேச வேண்டிய நாற்காலிக்கு நிக்கிறவங்க இப்படித்தான் நடந்துக்கணும்னு எனக்கு அன்னிக்கு முழுசா புரிஞ்சுது.

அதுக்கப்புறம் ஒரு ஷீட் போட்டேன். பேர், எந்த அடையாளத்தோட பேர் வரணும்னு அவங்களே எழுதிக் குடுத்த வரி, சம்மதம் எழுத்துல வந்த தேதி, மெயிலா மெசேஜா, பிளையர்ல போடலாமா இல்ல வெப்சைட்ல மட்டுமா. எழுத்துல "போடலாம்"னு வராத வரைக்கும் அந்த வரி சிவப்புல இருக்கும். சிவப்புல இருக்கிற பேரை எங்க வேட்பாளர் மேடைல வாய் விட்டு கூட சொல்ல மாட்டாங்க. அடையாளம் எழுதுறதுலயும் கவனமா இருக்கணும், ஒரு பதவில இருக்கிறவர் தனி மனுஷனா பேர் குடுக்கலாம், ஆனா அவர் ஆபீஸே ஆதரிக்கிற மாதிரி தெரியக் கூடாது, பதவிய அடையாளத்துக்கு மட்டும் போட்டிருக்குன்னு கீழ ஒரு வரி போட்டுடுவோம்.

நம்ம ஆளுங்க பக்கம் வந்தா வேற மாதிரி சிக்கல். எங்க ஊர் தமிழ் அமைப்புல தலைவரா இருந்த அண்ணன்கிட்ட கேட்டேன், "இதுக்கு என்னம்மா, சங்கம் சார்பா ஒரு அறிக்கையே விட்டுடலாம்"னு உற்சாகமா சொன்னார். எனக்கும் சந்தோஷம். வீட்டுக்கு வந்தப்புறம் தான் உறைச்சுது, அது 501சி3 அமைப்பு, வரி விலக்கு வாங்கின தொண்டு நிறுவனம். 1954ல இருந்து இருக்கிற சட்டப்படி அந்த மாதிரி அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது, பண்ணா வரி விலக்கே போற ஆபத்து. கோயிலுக்கும் அப்ப இதே கதை தான். ராத்திரி பத்து மணிக்கு அண்ணனுக்கு போன் போட்டு "வேணாம்ணா, நீங்க தனியா உங்க பேர் குடுங்க, சங்கத்து பேர் எங்கயும் வர வேணாம்"னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "நல்லவேளை சொன்னம்மா"ன்னார். தனிப்பட்ட முறைல அவர் பேர் வந்துச்சு, வெறும் பேரும் ஊரும் மட்டும்.

எங்க வீட்டு ஹால்ல ஒரு மீட்டிங் வச்சோம், முப்பது பேர் இருக்கும், சமோசா, பில்டர் காபி. ஜட்ஜுக்கு நிக்கிறவங்க நேரடியா நம்மகிட்ட காசு கேக்கக் கூடாதுன்னு விதி, அவங்களோட பிரச்சாரக் கமிட்டி தான் கேக்கணும். (இதே மாதிரி ஃப்ளோரிடா விதிய எதிர்த்து வந்த கேஸ்ல 2015ல சுப்ரீம் கோர்ட் அந்த விதி செல்லும்னு சொல்லிடுச்சு, அதுவும் 5க்கு 4 தான்.) அதனால அவங்க பேசி முடிச்சதும் பின்கதவைத் திறந்துக்கிட்டு டெக்குக்கு போயிட்டாங்க, வெளிய மழைத் தூறல், குளிர்ல கையக் கட்டிக்கிட்டு நின்னாங்க, நான் உள்ள நின்னு நிதி கேட்டேன். கண்ணாடி வழியா அவங்க முதுகு தெரியுது. எங்க அப்பா கேட்ட கேள்விக்கு ஒரு துளி பதில் அங்க கிடைச்ச மாதிரி இருந்துச்சு. யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு அவங்க காதுல விழக் கூடாதுன்னு தான் அந்த ஏற்பாடு, இருந்தாலும் கணக்கு எல்லாம் ஸ்டேட்டோட பப்ளிக் டிஸ்க்ளோஷர் கமிஷன்ல போட்டாகணும், யார் வேணாலும் பாக்கலாம்.

அன்னிக்கு ரெண்டு தம்பிங்க, ஹெச்1பி விசால இருக்கிறவங்க, ஐம்பது ஐம்பது டாலர் நீட்டினாங்க. வாங்க முடியாதுன்னு சொன்னப்ப ஒருத்தன் முகம் வாடிப் போச்சு. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவங்க இங்க எந்த எலக்ஷனுக்கும் காசு குடுக்கக் கூடாது, லோக்கல் எலக்ஷனா இருந்தாலும் சரி. ஆனா சம்பளம் வாங்காம வாலண்டியர் வேலை பண்ணலாம். அந்தத் தம்பி அடுத்த நாலு சனிக்கிழமையும் வந்து கவர்ல ஸ்டாம்ப் ஒட்டினான், ஒரு நாள் கூட லேட்டா வரல.

கட்சி அமைப்புங்க கதை தனி. ஸ்டேட்ல 49 லெஜிஸ்லேட்டிவ் டிஸ்ட்ரிக்ட், நம்ம ஊர் சட்டசபைத் தொகுதி மாதிரி, எங்க பக்கம் 41, 45, 48ஆம் நம்பர். ஒவ்வொன்னுலயும் கட்சிக்காரங்க கூடி ஓட்டு போட்டு எண்டார்ஸ் பண்ணுவாங்க, ஜட்ஜ் பதவிக்கும் சேத்துத் தான். அந்த ஆதரவை ஏத்துக்கலாம், ஆனா தான் அந்தக் கட்சியோட வேட்பாளர்னு சொல்லிக்கக் கூடாது. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்கும் ஒரு கேள்வித்தாள், அப்புறம் ஒரு குழு இன்டர்வியூ, அப்புறம் மெம்பர்ஸ் கூட்டத்துல ரெண்டு மூணு நிமிஷம் பேச்சு. ஒரு கூட்டத்துல ஒருத்தர் எழுந்து வாடகை வீட்டு கேஸ் ஒன்னச் சொல்லி, இதுல நீங்க யார் பக்கம்னு நேரா கேட்டார். எங்க வேட்பாளர், "அந்தக் குடும்பமும் வீட்டு ஓனரும் நாளைக்கு என் முன்னாடி நிக்கலாம், ரெண்டு பேருக்கும் நான் இன்னும் முடிவு பண்ணலைங்கிற நம்பிக்கை வேணும்"னு சொன்னாங்க. ஹால்ல பாதி பேர் கை தட்டினாங்க, கேட்டவர் தட்டல. அந்த டிஸ்ட்ரிக்ட்ல தேவையான அளவு ஓட்டு வரல, எண்டார்ஸ்மென்ட் போச்சு. காருக்கு நடந்து போறப்ப எனக்கு அழுகை வந்துச்சு, அவங்க "அந்த பதிலை மாத்தி சொல்லிருந்தா தான் நான் வருத்தப்படணும்"னு சொல்லிட்டு கதவைத் திறந்தாங்க.

இன்னொரு தடவை ஒரு கவுன்சில் வேட்பாளர் வந்து, நான் உங்களுக்கு பேர் தரேன் நீங்க எனக்கு தாங்கன்னு கேட்டார். ஜட்ஜோ ஜட்ஜ் வேட்பாளரோ ஜட்ஜ் இல்லாத வேற பதவிக்கு நிக்கிறவங்களை ஆதரிக்கக் கூடாது. அவர் நம்பல, சாக்கு சொல்றோம்னு நினைச்சுட்டார். ஆனா இந்த ஸ்டேட்ல பதவில இருக்கிற ஜட்ஜுங்க இன்னொரு ஜட்ஜ் வேட்பாளரை ஆதரிக்கலாம், அதனால நிறைய லிஸ்ட்ல ஜட்ஜுங்க பேரா இருக்கும்.

பார் அசோசியேஷன் ரேட்டிங் எண்டார்ஸ்மென்ட் கிடையாது, ஆனா நான் மொத்தத்துல அதிகமா மதிக்கிறது அதைத் தான். கிங் கவுண்டி பார் அசோசியேஷன் உட்பட பல வக்கீல் சங்கங்கள் தனித்தனியா இன்டர்வியூ பண்ணி மார்க் போடுற மாதிரி தரம் சொல்வாங்க, எக்ஸெப்ஷனலி வெல் குவாலிஃபைட்ல இருந்து நாட் குவாலிஃபைட் வரைக்கும். அதுக்கு நீளமா ஒரு விண்ணப்பம், அதுல நீங்க வாதாடின கேஸ்ல உங்களுக்கு எதிர்ல நின்ன வக்கீல்கள் பேரும் குடுக்கணும், குழு அவங்களுக்கு போன் பண்ணி விசாரிக்கும். எதிர்ல நின்னு தோத்தவங்க கூட நம்மைப் பத்தி நல்லது சொல்லணும், அதுக்கு மேல ஒரு பரீட்சை இருக்கா?

அதைப் பாத்து தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. மேயர், செனட்டர் பேரை எல்லாம் மேல போட்டுக்கிட்டு இருந்த லிஸ்டை மாத்தினேன். எங்க வேட்பாளருக்கு எதிர்ல வருஷக்கணக்கா வாதாடின ஒரு வக்கீல் பேர் குடுக்க சம்மதிச்சார், தன்னைப் பத்தின வரிய அவரே எழுதி அனுப்பினார், "இவங்களுக்கு எதிராக வாதாடியவர்"னு. அவர் பேரை முதல்ல போட்டேன். கமிட்டில ரெண்டு பேருக்கு பிடிக்கல, யாருக்கும் தெரியாத பேர் எதுக்கு மேலன்னாங்க. நான் விடல.

பேலட் தபால்ல வந்தப்புறம் ஒரு நாள் எங்க வீட்டுக்குப் பக்கத்து அபார்ட்மென்ட்ல இருக்கிற ஒரு மாமி கூப்பிட்டாங்க. டைனிங் டேபிள்ல பேலட் விரிச்சு வச்சிருக்கு, பக்கத்துல கறிவேப்பிலை உருவின காம்பு, வோட்டர்ஸ் பாம்ப்லெட் (வேட்பாளர்கள் விவரம் இருக்கிற புத்தகம்), கருப்பு பேனா. கிங் கவுண்டில சீனம், கொரியன், ஸ்பானிஷ், வியட்நாமிஸ்ல எல்லாம் பேலட் கிடைக்கும், தமிழ்ல கிடையாது, மாமி இங்கிலீஷ்ல மெதுவா எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க. மேல இருக்கிற வட்டம் எல்லாம் அழகா கருப்பா நிரப்பிருக்காங்க, கீழ ஜட்ஜ் பகுதி மொத்தமும் காலி. "யாருன்னே தெரியாம எப்படிம்மா குத்துறது, பாவம் இல்லையா"ன்னாங்க. நான் யாருக்கு போடுங்கன்னு சொல்லல. ரெண்டு வேட்பாளரோட பிளையரையும் குடுத்தேன், ரேட்டிங்கை எங்க பாக்கணும்னு காட்டினேன். மாமி விரல் வச்சு ஒவ்வொரு வரியா வந்தாங்க, எங்க பிளையர்ல முதல் வரிலயே நின்னுட்டாங்க. "எதிர்ல வாதாடினவரா? அவரே சொல்றாரா?"ன்னு கேட்டு கண்ணாடியக் கழட்டி துடைச்சு மறுபடி படிச்சாங்க. அப்புறம் பேலட்டை தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க, நான் எழுந்து சமையல்கட்டுக்கு போயிட்டேன். என்ன போட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் கேக்கல.

எலக்ஷன் முடிஞ்சதும் லிஸ்ட்ல இருந்த ஒவ்வொருத்தருக்கும் நன்றி எழுதினேன், பிக்னிக் பெரியவருக்கும் தான். போன மாசம் ஒரு சின்ன வயசு வக்கீல் பொண்ணு, டிஸ்ட்ரிக்ட் கோர்ட் (சின்ன கேஸ் பாக்கிற கோர்ட்) ஜட்ஜுக்கு நிக்கலாம்னு இருக்கேன் அக்கா, உங்க லிஸ்ட் கிடைக்குமான்னு கேட்டுச்சு. ஷீட்டை அனுப்பினேன். தலைப்பு வரி மட்டும் இருக்கு, கீழ எல்லாத்தையும் அழிச்சுட்டேன், அந்தப் பேரெல்லாம் அவங்க ஒருத்தருக்காகக் குடுத்தது, நீ புதுசா போய் கேளும்மான்னு சொல்லி.