ஏசாயா 3: தேர்வுக்கு எப்படிப் படிப்பது

பழைய ஏற்பாட்டுத் தேர்வில் நியாயத்தீர்ப்பும் சமூகச் சிதைவும் பற்றிக் கேள்வி வந்தால் பலரும் நேரே ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்துக்குப் போய்விடுகிறார்கள். ஏசாயா 3:1 – 4:1 தெரிந்திருந்தால் விடை இன்னும் கனமாக நிற்கும்.

விளக்கவுரையை மூடிவைத்து, கையில் பென்சிலோடு வசனங்களை வாசியுங்கள். எருசலேமுக்கும் யூதாவுக்கும் அப்பமும் தண்ணீரும் முதல் வசனத்திலேயே போய்விடுகின்றன. 2, 3ஆம் வசனங்களில் விலக்கப்படுகிறவர்களை எண்ணினால் 11 பேர். தீர்க்கதரிசிக்குப் பக்கத்திலேயே, உபாகமம் 18 தடைசெய்த குறிசொல்லுகிறவனும் இருக்கிறான். ஆக, சரியோ தவறோ, ஜனங்கள் நம்பிச் சாய்ந்திருந்த எல்லாமே பிடுங்கப்படுகிறது. ராஜாவும் ஆசாரியனும் பட்டியலில் இல்லை. இதைக் குறிப்பிடுங்கள், ஆனால் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லாதீர்கள், வசனம் சொல்லவில்லை.

6, 7ஆம் வசனங்களில் நிதானியுங்கள். ஒருவன் தன் சகோதரனைப் பிடித்து, உனக்கு வஸ்திரம் இருக்கிறது, நீயே எங்களுக்குத் தலைவனாயிரு என்கிறான். ஆளுவதற்கு ஒரு மேலாடையே தகுதியாகிவிட்டது! அவனோ, என் வீட்டில் அப்பமுமில்லை வஸ்திரமுமில்லை என்று கழன்றுகொள்கிறான். இதை 4:1க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஏழு பெண்கள் ஒரே ஆணைப் பிடித்து, எங்கள் அப்பத்தையும் வஸ்திரத்தையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், உன் பேர் மட்டும் போதும் என்கிறார்கள். ஆண்கள் ஏன் இல்லை? 3:25இல் பட்டயத்துக்கு விழுந்தாயிற்று.

அமைப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். மீகா 3:9-12இல் குற்றச்சாட்டு முதலில், "ஆகையால்" என்று தண்டனை பிறகு. இங்கே தண்டனை முந்திக்கொள்கிறது. காரணம் 8ஆம் வசனத்தில்தான் தொடங்குகிறது. 13-15இல் கர்த்தர் வழக்காட எழுந்து நிற்கிறார். குற்றவாளிகள் மூப்பரும் பிரபுக்களும். எளியவனிடம் பறித்த பொருள் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. 14இன் திராட்சத்தோட்டத்தை 5:1-7 பாட்டோடு இணைக்கத் தவறாதீர்கள்.

மதிப்பெண் போகிற இடங்கள் இரண்டு. 18-23இன் நகை, உடைப் பட்டியலை, பிரசங்க மேடைப் பழக்கத்தில், நகைக்கு எதிரான போதனையாக மட்டும் எழுதிவிடுவது. 15ஆம் வசனத்தை ஒட்டி வாசித்தால் அந்த ஆடம்பரத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானாக எழும். அடுத்தது காலம். எருசலேமின் அழிவு என்றதும் கை தானாக, பாபிலோன் அதை அழித்த கி.மு. 586 என்று எழுதும். ஆனால் ஏசாயா 1:1 காட்டுவது யூதாவின் ராஜாக்களான உசியா முதல் எசேக்கியா வரையிலான காலம், அதாவது பெரும்பாலும் கி.மு. எட்டாம் நூற்றாண்டு, அசீரியப் பேரரசின் நிழல். வீரரையும் கைவினைஞரையும் பாபிலோன் கொண்டுபோனதை (2 இராஜாக்கள் 24:14-16) ஒப்பிடலாம். ஆனால் ஒப்பீடு என்று சொல்லியே எழுதுங்கள்.