தரையில்லாத விமானி அறை: 1/24 ஹரிக்கேனின் உட்புறத்தைக் கையால் கட்டியபோது

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானியப் போர் விமானமான ஹாக்கர் ஹரிக்கேனின் விமானி அறைக்குத் தரை கிடையாது. விமானியின் இரு கால்களுக்கும் இரண்டு நீண்ட தகட்டுத் தொட்டிகள் இருக்கும். அவை இருக்கையின் அடியிலிருந்து பெடல்வரை நீளும். அவற்றுக்கு இடையிலும் பக்கங்களிலும் வெறும் வெளி. குனிந்து பார்த்தால் எஃகுக் குழாய்களும் கம்பிகளும் கீழே இருட்டுக்குள் இறங்கிப் போவது தெரியும். பறக்கும்போது கையிலிருந்து பென்சில் நழுவினால் அது விமானத்தின் வயிற்றுக்குள் போய் விழும்.

நான் கட்டிக்கொண்டிருக்கும் பழைய 1/24 பிளாஸ்டிக் மொடல் பெட்டியில் (உண்மை அளவில் இருபத்துநான்கில் ஒரு பங்கு) விமானி அறை என்று வந்தது ஒரு தொட்டி. அடியில் தட்டையான தரை, பக்கச் சுவர்களில் மேலோட்டமாகப் புடைத்த குழாய் வடிவங்கள். ஹரிக்கேனை ஹரிக்கேனாக்குவது அந்த வெறுமைதான் என்று நினைப்பவனால் இதை ஏற்றுக்கொள்ள முடியாது. பெட்டியின் உள்பாகங்களை ஒதுக்கிவிட்டேன். வெளியுடல், இறக்கை, சக்கரங்கள் பெட்டியில் வந்தவை. விதானக் கண்ணாடிக்குக் கீழே தெரிவதெல்லாம் என் கையால் வரவேண்டும் என்று தீர்மானித்தேன்.

திருகோணமலையில் இருந்துகொண்டு வேறு எந்த விமானத்தில் இவ்வளவு உழைப்பைப் போடுவது? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிகளிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது, அவற்றை எதிர்க்க சீனக்குடாவிலிருந்து எழுந்தவை பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் படைப்பிரிவு ஹரிக்கேன்கள். அதே நாளில்தான் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கியும் மூழ்கடிக்கப்பட்டது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வரும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: என் பெட்டி மார்க் 1, எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் கொண்டது. அன்று இங்கு பறந்தவற்றில் மார்க் 2பி முக்கியமானது; அதற்குப் பன்னிரண்டு துப்பாக்கிகள். இறக்கையில் இந்த வேறுபாடு பெரிது. விமானி உட்கார்ந்திருந்த எலும்புக்கூடு இரண்டிலும் ஒரே குடும்பம்தான்.

எலும்புக்கூடு என்பதை இங்கே நேர்ப்பொருளில் சொல்கிறேன். சிட்னி காம் வடிவமைத்த இந்த விமானம் 1935 நவம்பர் 6 அன்று முதன்முதலில் பறந்தது. அந்த நேரத்தில் மற்றவர்கள் உலோகத் தோலே பாரம் தாங்கும் உடல்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஹாக்கர் நிறுவனமோ தன் பழைய இரட்டை இறக்கை விமானங்களின் குழாய்ச் சட்டத்தையே தொடர்ந்தது. முக்கியமான செய்தி குழாய்கள் சேரும் இடத்தில் இருக்கிறது. அவற்றை உருக்கி ஒட்டவில்லை. வட்டக் குழாயின் முனையைச் சதுரமாக அமுக்கி, இரு பக்கமும் எஃகுத் தகடு வைத்து, ஆணியும் மரையும் போட்டு இறுக்கினார்கள். அடிபட்ட குழாயைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடலாம். பின்னுடலுக்கு மரச் சட்டங்களின்மேல் லினன் துணிதான். தொலைதூரத்துக் களங்களில் இந்த விமானத்தைத் தொடர்ந்து பறக்கவைக்க முடிந்ததற்கு இந்த மூட்டு ஒரு பெரிய காரணம். ஆகவே என் சட்டத்தில் மூட்டு மூட்டாகவே தெரியவேண்டும். பசை உருண்டையாக நிற்கக்கூடாது.

முதல் வேலை கட்டுவதல்ல, சுரண்டுவது. உடற்கூட்டின் பிளாஸ்டிக் 1.5 மி.மீ. தடிப்பு. 24ஆல் பெருக்கினால் 36 மி.மீ. உண்மையான விமானத்தில் அந்த இடத்தில் இருப்பதோ மெல்லிய தகடு. இந்தத் தடிப்பை அப்படியே விட்டால் உள்ளே வைக்கும் சட்டம் இரு பக்கமும் நெருக்கப்பட்டு, அறை ஒடுங்கிவிடும். கத்தியின் அலகைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டிச் சுரண்டி, விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலியச் செய்தேன். விளிம்பு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். கீழே போகப்போகக் கொஞ்சம் தடித்திருந்தாலும் பரவாயில்லை.

சட்டத்துக்குச் செப்புக் கம்பி. மோட்டார் சுற்றும் கடைகளில் எல்லாப் பருமனிலும் கிடைக்கிறது. வரைபடத்தில் அளந்து பார்த்ததில் முக்கிய நீளக் குழாய்களுக்கு 19ஆம் எண் கம்பி, அதாவது ஏறத்தாழ 1 மி.மீ., நன்றாகப் பொருந்தியது. குறுக்குக் குழாய்களுக்கு அதைவிட மெலிந்தது வேண்டும். பிளாஸ்டிக் கோல் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். வாங்கலாம், கொழும்பிலிருந்து வரவழைக்கவேண்டும். ஆனால் இவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக் கோல் நம் வெயிலில் நாளடைவில் வளைகிறது, மூட்டில் பாரம் தாங்குவதில்லை. செம்பை ஈயத்தால் பற்றவைக்கலாம். பற்றவைத்த சட்டத்தைக் கையில் தூக்கித் திருப்பி எல்லாப் பக்கமும் பார்க்கலாம்.

கம்பிச் சுருளை நேராக்கும் வித்தையை எங்கள் வீதியில் இருக்கும் வயதான பத்தர் ஒருவரிடம் கற்றேன். மேற்பூச்சு எரிந்துபோகும்படி கம்பியைச் சிவக்கச் சூடாக்கி நீரில் போட்டால் செம்பு நூல்போல இளகிவிடும். பிறகு ஒரு முனையைக் குறட்டில் கவ்வி, மறுமுனையை மெதுவாக இழுத்தால், ஒரு கணத்தில் அது இளகி நீள்வது கையில் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தவேண்டும். கம்பி அம்புபோல நேராகி, முன்னைவிட விறைப்பாகவும் இருக்கும். மெல்லிய குறுக்குக் குழாய்களுக்காக, துளைகள் வரிசையாகக் குறுகிச் செல்லும் தம் எஃகுத் தகட்டில் இழுத்துத் தந்தார். சதுர முனையைப் பற்றி நான் விளக்கியபோது அவர் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

“வாய் சமமாக மூடும் குறடு வேண்டும் தம்பி. ஒரு தடவை அமுக்குங்கள், கால்வட்டம் திருப்பி இன்னொரு தடவை அமுக்குங்கள். அரத்தைத் தொடாதீர்கள், அராவினால் தேய்ந்து மெலிந்துபோகும்.”

“பற்றவைக்கும்போது மற்ற மூட்டு விட்டுவிடாதா ஐயா?”

“ஈரத் துணியைச் சுற்றி வையுங்கள். சூடு அந்தப் பக்கம் போகாது.”

இரண்டும் அப்படியே பலித்தன. ஒரு மூட்டினை அருகில் வைத்துச் சொல்கிறேன்: நீளக் குழாயின் சதுர முனை, அதன் இரு பக்கமும் 0.1 மி.மீ. செப்புத் தகட்டில் வெட்டிய முக்கோணத் துண்டுகள். அவற்றில் ஊசி முனையால் பின்புறமிருந்து அமுக்கிய புள்ளிகள். முன்புறம் அவை ஆணித் தலைகளாகப் புடைக்கின்றன. ஈயம் உள்ளே மட்டும். வெளிவிளிம்பு கூர்மையாக நிற்கிறது. சாம்பல் அடிப்பூச்சு ஏறியதும் இது செம்பு என்பதே மறந்துபோகிறது. இந்த மூட்டுகளுக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுத்தேன். இந்த விமானத்தின் குணம் அங்கேதான் இருக்கிறது.

குறுக்கே ஓடும் இழுவைக் கம்பிகளுக்குத் தங்கூசி. திருகோணமலையில் அதற்கா பஞ்சம்? ஆக மெல்லியதை வாங்கி, இறுக்கி ஒட்டி, சுடர் அணைத்த ஊதுபத்தியின் கங்கை அருகில் கொண்டுபோனால் விறைத்துக்கொள்ளும். தொடக்கூடாது, தொட்டால் அறுந்துவிடும்.

தகட்டு வேலைகளுக்கு யோகட் கோப்பை. அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருந்தால் அது பொலிஸ்டைரீன். மொடல் பெட்டியின் பிளாஸ்டிக்கும் அதே இனம். அதே பசை உருக்கி ஒட்டும். கோப்பையின் பக்கச் சுவர் மெல்லியதாகவும் ஏற்கெனவே வளைந்தும் இருப்பதால் கால் தொட்டிகளுக்கும் இருக்கையின் முதுகுக்கும் அதைவிட வாய்ப்பான பொருள் இல்லை. செம்பும் பிளாஸ்டிக்கும் சேருமிடத்தில் எபொக்ஸிதான். பிளாஸ்டிக் பசைக்கு உலோகம் பிடிபடாது.

கருவிப் பலகை தனி உலகம். நடுவில் ஆறு கருவிகள் கொண்ட பலகை: மேல் வரிசையில் வேகமானி, செயற்கை அடிவானம், ஏற்ற இறக்க வீதமானி, கீழ் வரிசையில் உயரமானி, திசை காட்டும் சுழலி, திருப்பமானி. அக்காலத்துப் பிரித்தானியப் போர் விமானங்களில் இந்த ஆறும் இதே ஒழுங்கில்தான் இருக்கும். ஒன்றில் பழகிய விமானியின் கண் இன்னொன்றில் தேடி அலையவேண்டியதில்லை. இந்தப் பலகை அதிர்வு தாங்கும் இரப்பர்களின்மேல் தனியாக நிற்கும். ஆகவே பெரிய பலகையோடு ஒட்டிவிடாமல், ஒரு நூல் இடைவெளி விட்டு முன்னால் நிறுத்தினேன். அந்த இடைவெளியின் நிழல் விழுந்ததும் பலகைக்கு உயிர் வந்துவிட்டது.

வட்டக் கருவிகளின் முகம் ஏறத்தாழ 80 மி.மீ.; 1/24இல் 3.3 மி.மீ. நான்கு மி.மீ. மரைக்கு முன்துளை போடும் துளை ஊசி சரியாக 3.3 மி.மீ.; இரும்புக் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மெல்லிய தகட்டை இரண்டு மரத்துண்டுகளுக்கிடையில் இறுக்கி, கையால் சுற்றித் துளைத்தால் விளிம்பு கிழியாது. முகங்களை வரைந்து அச்சிடவேண்டும். இங்கே ஒரு கணக்கு உதவியது. புகைப்பட நிலையத்தின் பிரதி அங்குலத்துக்கு 300 புள்ளிகள், 3.3 மி.மீ.க்குள் 39 புள்ளிகள்தான் அடங்கும். அதில் எண்கள் எழும்பாது. 1200 புள்ளி லேசர் அச்சில் அதே இடத்தில் 156 புள்ளிகள். வழவழப்பான கடதாசியில் லேசர் அச்சு எடுத்தேன். உருப்பெருக்கியின்கீழ் உயரமானியின் எண்களை வாசிக்க முடிகிறது. முன்னால் துளைத்த பலகை, நடுவில் கோவை உறையிலிருந்து வெட்டிய தெளிந்த தாள், பின்னால் அச்சு. மூன்றையும் சேர்க்க வெள்ளைப் பசை மட்டும். சூப்பர் குளூவின் ஆவி தெளிந்த தாளில் வெண்புகையாகப் படிந்துவிடும்.

பலகைக்குக் கீழே, விமானியின் முழங்கால்களுக்கிடையில், பி8 திசைகாட்டி கிடையாகக் கிடக்கும். ஊசி மருந்துக் குப்பியின் அலுமினிய மூடியின் விளிம்பு அதன் வளையமானது.

வலப்பக்கச் சுவரில் எனக்குப் பிடித்த பாகம் இருக்கிறது: சக்கரங்களுக்கும் இறக்கையின் மடிப்புத் தகடுகளுக்கும் (flaps) பொதுவான ஒரே நெம்பு. எச் வடிவப் பள்ளத்துக்குள் அது நகரும். வேகக் கைப்பிடி இடப்பக்கம். ஆகவே விமானம் தரையை விட்டு எழுந்ததும் விமானி கட்டுப்பாட்டுத் தண்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் சக்கரங்களை மடக்கவேண்டும். ஏப்ரல் 9 காலையில் சீனக்குடா ஓடுபாதையின் முடிவில் ஒவ்வொருவரும் இந்தக் கைமாற்றத்தைச் செய்துதான் மேலே போயிருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டபின் அந்தச் சிறு எச் பள்ளத்தை வர்ணத்தால் காட்டிவிட மனம் வரவில்லை. நான்கு துண்டுகள் வைத்துக் கட்டினேன். நெம்பு, பெட்டியில் பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டை மெழுகுதிரியில் வாட்டி இழுத்த இழை. முனையைச் சுடருக்குக் காட்டியதும் தானாக உருண்டு குமிழானது.

தண்டின் தலையில் வளையப் பிடி. அதில் சுடும் பொத்தானும் பிரேக் நெம்பும் இருக்கின்றன. கம்பியை ஊசியில் சுற்றி வளையமாக்கினேன். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

விமானியை இருக்கையோடு கட்டும் சட்டன் வார்ப்பட்டைகள் நான்கு: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு. வரிசையாகப் பித்தளைக் கண்ணிகள் பதித்த கன்வஸ் பட்டை. காயங்களுக்கு ஒட்டும் கடதாசிப் பட்டியில் மெல்லிய இழைத் தோற்றம் இருக்கிறது. அதை இரண்டாக மடித்து ஒட்டி, 2 மி.மீ. அகலத்தில் வெட்டினேன். கண்ணிகள் 0.15 மி.மீ. கம்பியை ஊசியில் சுருட்டி, சுருளை நெடுக வெட்டி எடுத்த வளையங்கள். சாவணத்தில் எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளவேண்டும். பட்டைகள் இருக்கையில் விறைத்து நிற்காமல், எழுந்து போனவர் விட்ட மாதிரி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கவேண்டும். வெள்ளைப் பசையைத் தண்ணீராக்கித் தடவி, ஈரத்தில் அந்த விழுகையை அமைத்தேன்.

வர்ணத்துக்கு இந்த ஊரின் காற்றைக் கேட்டுத்தான் நாள் குறிக்கவேண்டும். வாடையில் காற்று ஈரமாக இருக்கும். லக்கர் பூசினால் மேலே வெண்மை படர்ந்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் நண்பகலுக்குமேல் துளிகள் பரப்பில் படுமுன்னரே காய்ந்து மணலாகச் சொரசொரக்கும், தூசியும் சேரும். கச்சான் கிளம்புமுன் அதிகாலையில் ஏர்பிரஷை எடுத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. குழாய்களுக்கு அலுமினிய வெள்ளி, இருக்கைக்கும் பக்கத் தகடுகளுக்கும் சாம்பல் கலந்த பச்சை. இதற்கு அக்காலத்து விமானிக் கையேட்டின் படங்களையும், லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திலுள்ள எல்1592 என்ற ஹரிக்கேனின் படங்களையும் துணைக்கொண்டேன். இன்று பறக்கும் புதுப்பித்த ஹரிக்கேன்களின் உட்புறம் அழகானது, ஆனால் அதில் இக்காலத்து வானொலியும் பாதுகாப்புக் கருவிகளும் கலந்திருக்கும். அவற்றைப் பார்த்து வைப்பதை நான் தவிர்க்கிறேன். குழாய்களில் எண்ணெய்க் கறை மூட்டுகளில் மட்டும். கால் தொட்டிகளில் குதிகால் உரசும் இடத்தில் வெள்ளி தெரியும்படி வர்ணத்தைத் தேய்த்தேன்.

இப்போது சட்டமும் இருக்கையும் பலகையும் ஒன்றாகச் சேர்ந்து, உடற்கூட்டுக்குள் பசையில்லாமல் ஏறி இறங்குகின்றன. மேலிருந்து பார்த்தால் கால் தொட்டிகளுக்கு நடுவே வயிற்றின் உட்புறம்வரை கண் போகிறது. உடலை மூடுவதற்கு முன் இரண்டு வேலைகள் பாக்கி: இருக்கைக்குப் பின்னாலுள்ள கவசத் தகடு, பலகைக்குமேல் சுடுவதற்குக் குறிபார்க்கும் பிரதிபலிப்புக் குறிகாட்டி. குறிகாட்டியின் சாய்ந்த கண்ணாடிக்கு நுண்ணோக்கிச் சில்லின்மேல் வைக்கும் மெல்லிய மூடு கண்ணாடியை வெட்டிப் பார்க்கப்போகிறேன். வைரமுனை எழுதுகோலைப் பத்தரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.