குறும்படம் யார் கையில்: தங்கச்சிமடம் நாட்குறிப்பு

அக்டோபர் 11, சனி

காற்று எச்சரிக்கை. கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் கொடுக்கவில்லை. சனிக்கிழமை விசைப்படகு கிளம்பும் நாள்; கிளம்பாதவர்களெல்லாம் கடைக்கு வந்துவிட்டார்கள். ஒருவருக்குப் படகுப் பதிவைப் புதுப்பிக்கணும், ஒருவருக்கு ஆதாரில் முகவரி மாற்றணும், இன்னொருவருக்கு மீனவர் அடையாள அட்டை நகல். 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியாக வந்தார்கள். அதன் பிறகு கடற்கரை நெடுகக் கைரேகை எடுத்து அட்டை கொடுத்தார்கள். பேர்தான் ஜெராக்ஸ் கடை. ஊரில் பாதிப் பேரின் பிறந்த தேதி எனக்கு மனப்பாடம்.

ராத்திரி ஆர்வெல்லின் '1984' எடுத்தேன். 1949இல் வந்த நாவல். கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தது. அப்போது கதாநாயகன் வின்ஸ்டன் ஸ்மித் மேல் பரிதாபம் மட்டும் வந்தது. இப்போது அவனுடைய வேலை என்ன என்பதில் கண் போகிறது. பழைய செய்தித்தாள்களைத் திருத்துகிற குமாஸ்தா. என் வேலைக்கு ரொம்பத் தூரமில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வார இறுதி பிக் பாஸ். அம்மா ஒன்பது மணிக்கே பாயை விரித்துவிட்டார். 2017இல் கமல் தொடங்கியபோதே பிடித்த பழக்கம். 2024இல் விஜய் சேதுபதி வந்தபோது ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார், பிறகு சரியாகிவிட்டது.

பார்க்கப் பார்க்க நாவல்தான் நினைவுக்கு வந்தது. இந்த நிகழ்ச்சிக்கு மூலம் 1999இல் நெதர்லாந்தில் தொடங்கிய 'பிக் பிரதர்'. பெயரே அந்த நாவலில் எல்லாரையும் கண்காணிக்கிற தலைவனுடையதுதான். நாவலில் காலை ஏழே காலுக்குச் சுவரிலிருக்கும் டெலிஸ்கிரீன், அதாவது ஆளையும் திருப்பிப் பார்க்கிற திரை, விசிலடித்து எழுப்புகிறது, உடற்பயிற்சி செய்யச் சொல்கிறது. சரியாகக் குனியாத வின்ஸ்டன் ஸ்மித்தை எண் சொல்லி அதட்டுகிறது. இங்கே பாட்டுப் போட்டு எழுப்புகிறார்கள், எல்லாரும் ஆடுகிறார்கள். உள்ளே கடிகாரம் கிடையாது. விளக்கு எரிந்தால் பகல், அணைந்தால் ராத்திரி. கேமரா கேமரா என்று பேசுகிறோம். ஆளைக் கட்டிப்போடுவது இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான் என்று தோன்றுகிறது. மணி என்ன என்று தெரியாதவன் எதை எதிர்த்துச் சண்டை போடுவான்?

அம்மாவுக்கு முதல் சீசன் குறும்படம் இன்னும் மறக்கவில்லை. ஒரு போட்டியாளர் இன்னொருவர் மேல் சொன்ன பழி பொய் என்று கமல் காட்சியைப் போட்டுக் காட்டினாரே, அது. அதிலிருந்து எங்கள் தெருவில் குழாயடிச் சண்டையில்கூட "குறும்படம் போடட்டுமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அக்டோபர் 15, புதன்

இன்றும் படகு போகவில்லை. மழை வேறு.

இன்றைக்குப் படித்த பகுதியில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். அந்த நாட்டில் 85 சதவீதம் பேர் உழைக்கும் எளிய ஜனம். பெரும்பாலானவர்கள் வீட்டில் டெலிஸ்கிரீனே கிடையாது. ஆளும் கட்சியின் ஆட்களைத்தான் இருபத்து நாலு மணி நேரமும் கண்காணிக்கிறார்கள். ஏழைகளும் மிருகங்களும் சுதந்திரமானவர்கள் என்பது கட்சியின் கோஷம்.

ஆர்வெல் இதில் சறுக்கிவிட்டார் என்பது என் வாதம். இந்தக் கரையில் நடப்பது தலைகீழ். கடலுக்குப் போக டோக்கன், அட்டை, படகுக்கு எண். ராமநாதபுரத்தில் பங்களா வைத்திருப்பவர் காரை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போக யாரிடம் சீட்டு வாங்குகிறார்? எண்ணுகிறவன் முதலில் வந்து நிற்பது குடிசை வாசலில்தான்.

அக்டோபர் 18, சனி

மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து ஒரு அக்கா வந்தார். 1990இல் இலங்கையிலிருந்து படகேறி வந்த குடும்பம். முகாமுக்கு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியாயிற்று. செக்கிங் மட்டும் மாறவில்லை. அன்றைக்கு ஆள் நேரில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உதவித்தொகைக்குச் சிக்கல். அந்த இடத்துக்கே அப்படி ஒரு ராசி. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று சோதித்ததும் அங்கேதான்.

பிரிண்ட் வருவதற்குள் பேச்சு பிக் பாஸ் பக்கம் போயிற்று. அவரும் பார்க்கிறாராம். அக்கா சிரித்தார்: "உதுகள் ரெண்டு கிழமைக்கே வீட்டை நினைச்சு அழுதுகள், பிள்ளை. சம்பளமும் குடுக்கினம், வெளியில போகக் கதவும் கிடக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்து ரூபாய் வாங்கவும் மனசு வரவில்லை. அவர் விடாமல் வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கடை இல்லை. புத்தகமும் இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

பழைய 'பிக் பிரதர்' சங்கதிகளைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 2000ஆம் ஆண்டு பிரிட்டனில் முதல் சீசன். நிக் பேட்மேன் என்ற போட்டியாளர் ரகசியமாகக் காகிதத்தில் பெயர்களை எழுதி, யாரை வெளியேற்றலாம் என்று மற்றவர்களைத் தூண்டிவிட்டார். பிடிபட்டதும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பொய் பேசலாம், கோள் சொல்லலாம், அதெல்லாம் ஆட்டத்தில் சேர்த்தி, காகிதம் கூடாது! வின்ஸ்டன் செய்த முதல் குற்றமும் ஒரு நோட்டில் நாட்குறிப்பு எழுதியதுதான்.

இன்னொன்று ஜெர்மனியில். 2020 பிப்ரவரியில் வீட்டுக்குள் போனவர்களுக்கு வெளியே கொரோனா பரவிக்கொண்டிருப்பதே ஒழுங்காகத் தெரியாது. ஊர் கதவடைக்கத் தொடங்கிய பிறகு மார்ச் 17ஆம் தேதி நேரலையில்தான் விஷயத்தைச் சொன்னார்கள். அவர்கள் அழுததையும் ஒளிபரப்பினார்கள். உள்ளே இருப்பவரைப் பற்றி நாட்டுக்கே தெரியும். நாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. 2017இல் ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. அவர்களைப் பார்க்கவும் யாருமில்லை, அவர்களிடம் சொல்லவும் யாருமில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

நாவலை முடித்தேன். சித்திரவதை அத்தியாயங்களை வேகமாகப் புரட்டிவிட்டேன், தெம்பில்லை. ஆனால் அதில் வரும் புகைப்படத்தை விட முடியவில்லை. துரோகிகள் என்று தண்டிக்கப்பட்ட மூன்று பேர் குற்றம் நடந்ததாகச் சொன்ன தேதியில் உண்மையில் வேறு ஊரில் இருந்தார்கள் என்று காட்டும் பத்திரிகைப் படம். ஒரு காலத்தில் வின்ஸ்டன் கைக்கு வந்து, பயந்துபோய் அவனே அழித்தது. அவனைச் சித்திரவதை செய்கிற கட்சி அதிகாரி ஓ'பிரையன் அதன் இன்னொரு பிரதியை ஒரு நொடி அவன் கண்ணில் காட்டிவிட்டு எரிக்கிறான். அப்படி ஒன்று இருந்ததே இல்லை, எனக்கு ஞாபகமும் இல்லை என்கிறான்.

ஆக, பார்க்கிறார்களா இல்லையா என்பதோடு விஷயம் முடியவில்லை. பார்த்ததை யார் வைத்திருக்கிறார்கள், எப்போது எடுத்துக் காட்டுவார்கள்? பிக் பாஸ் வீட்டில் "குறும்படம் போடுங்க சார்" என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். போடுவதும் போடாமலிருப்பதும் பிக் பாஸ் இஷ்டம்.

அக்டோபர் 29, புதன்

மாமா வந்தார், டிரான்ஸ்பாண்டர் விவரம் கேட்டு. இஸ்ரோ தயாரித்த கருவி. நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டம், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கடலிலிருந்து ஆபத்துச் செய்தி அனுப்பலாம், புயல் எச்சரிக்கை வரும், எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். படகு எங்கே நிற்கிறது என்பது கரைக்கும் தெரியும்.

"நல்லதுதான தாயி. புயலடிச்சா தேடி வருவாய்ங்கள்ல" என்றார் மாமா. பிறகு கொஞ்ச நேரம் யோசித்தார். "அவன் புடிக்கிறப்ப நம்ம போட்டு எங்க நின்னுச்சுன்னு அதுல பதிஞ்சிருக்குமா?"

பதிந்திருக்கத்தான் வேண்டும் என்றேன்.

"அப்ப அதக் காட்டுவாய்ங்களா?"

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் 1974இல் போட்ட கோடு. தாண்டிவிட்டான் என்கிறார்கள் பிடிக்கிற இலங்கைக் கடற்படைக்காரர்கள். நம் பக்கம்தான் நின்றேன் என்கிறார் பிடிபட்டவர். மீனைத் தொரத்திக்கொண்டு தாண்டுவதும் உண்டு, மாமா அதை மறைக்கிற ஆளில்லை. "தாண்டியிருந்தா தாண்டுனதுன்னே இருக்கட்டும். ஆனா தாளு என் கையிலயும் இருக்கணும்."

மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு மனு அடித்தோம். படகின் பாதைப் பதிவு எத்தனை நாள் வைக்கப்படும், யார் யாருக்குத் தரப்படும், படகு உரிமையாளர் கேட்டால் நகல் உடனே கிடைக்குமா என்று மூன்று கேள்வி. படித்துக் காட்டினேன். மாமாவுக்குத் திருப்தியில்லை.

"இது ஆபீஸ் பாசையா இருக்கு. 'எங்களுக்கும் குறும்படம் போட்டுக் காட்டணும்'னு கடைசில ஒரு வரி போடு தாயி."

"மனுவில அதெல்லாம் எழுதக் கூடாது மாமா."

"ஏன், கலெக்டர் ஆபீஸ்காரங்க வீட்ல டிவி இல்லையா?"

போட்டுவிட்டேன். இரண்டு பிரதி.