டம் டம்

ஒரு வாரமா எகதரினா வெலிகாவோட ‘டம் டம்’ ஆல்பம்தான் ஓடிட்டு இருக்கு, வேற எதுவும் கேக்கத் தோணல. செர்பியாவோட தலைநகர் பெல்கிரேட்ல இருந்த ராக் பேண்ட் அது, 1991ல வந்த ஆல்பம், யுகோஸ்லாவியா உடைஞ்சு குரோஷியால சண்டை நடந்த அதே வருஷம்.

டம் டம்னா கொல்கத்தா பக்கத்துல இருக்கற ஊரு. அங்க இருந்த பிரிட்டிஷ்காரன் ஆயுத ஃபேக்டரிலேர்ந்துதான், உடம்புக்குள்ள போனதும் விரிஞ்சு சதையக் கிழிக்கற தோட்டாவுக்கு அந்தப் பேரு வந்துச்சு, 1899லயே ஹேக் மாநாட்டுல போர்ல இத சுடக் கூடாதுன்னுட்டாங்க. அந்தப் பேர ஒரு பாட்டு ஆல்பத்து மேல பாத்ததும் எனக்கு வயித்தப் பிசைஞ்சிருச்சு.

செர்பியன்ல ஒரு வார்த்தை தெரியாது, அர்த்தத்த தேடி பக்கத்துல வச்சுக்கிட்டுதான் கேட்டேன். ‘ஸப்ரான்யுயெம்’னு ஒரு பாட்டு, ‘தடை பண்றேன்’னு அர்த்தம். அத பேண்டோட பாடகர் மிலான் ம்லாதெனோவிச் பாடறப்ப அதிகாரத்துல இருக்கறவன் குரலா எனக்குக் கேக்கல, கையில ஒண்ணுமே இல்லாத ஒருத்தன் வாசல மறிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு. பின்னாடி மார்கிட்டா ஸ்டெஃபனோவிச்சோட கீபோர்டு, முறையா கிளாசிக்கல் பியானோ படிச்ச கை அது, கேட்டாலே தெரியும்.

மிலான் பொறந்தது குரோஷியாவோட ஸாக்ரெப், சின்ன வயசு போஸ்னியாவோட சரயேவோல, அப்பறம் பெல்கிரேட். அப்பா செர்பியர், அம்மா குரோஷியர், சண்டை போட்டுக்கிட்ட ரெண்டு பக்கமும் ஒரே வீட்டுல. இந்த மனுஷன எந்தப் பக்கம் நிக்கச் சொல்லுவீங்க? அதனாலதான் இதுல கோஷமே இல்லாம இவ்ளோ அரசியல் இருக்குன்னு நினைக்கறேன், அவருக்கு இது நாட்டு விஷயம் இல்ல, வீட்டு விஷயம்.

1992 மார்ச் 8ஆம் தேதி, இந்த பேண்ட் ஆளுங்களும் எலெக்ட்ரிச்னி ஒர்காஸம், பார்டிபிரேக்கர்ஸ்னு வேற ரெண்டு பேண்ட் ஆளுங்களும் சேந்து ரிம்துதிதுகினு பேரு வச்சுக்கிட்டு ஒரு லாரி மேல ஏறி பெல்கிரேட் தெருவெல்லாம் போருக்கு எதிரா பாடிக்கிட்டே சுத்துனாங்க. “மிர், பிராதே, மிர்”. சமாதானம், சகோதரா, சமாதானம். பசங்கள பட்டாளத்துக்கு இழுத்துட்டுப் போய்ட்டு இருந்த நேரம் அது.

அடுத்த மாசமே போஸ்னிய செர்பியப் படைங்க சரயேவோவ முற்றுகை போட்டாங்க, மிலான் சின்னப் பையனா ஓடித்திரிஞ்ச ஊரு. 1994 நவம்பர் 5ஆம் தேதி கணையத்துல கேன்சர் வந்து மிலான் போய்ட்டாரு, 36 வயசுதான். அப்பவும் அந்த முற்றுகை முடியல.