பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிடைத்த கொள்ளுப்பாட்டி

வம்சாவளி எழுதப்போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "எந்த இடத்துல பங்கு கேக்கப் போற?" என்பதுதான். பழைய பத்திரத்தைக் காட்டச் சொன்னால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். பெரியப்பா மட்டும் கொஞ்ச நாள் யோசித்துவிட்டு, பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார்.

குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கு அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே மேலே போய்விடலாம். நமக்கு இருப்பது இனிஷியல், அது ஒரு தலைமுறையோடு சரி. போதாக்குறைக்குப் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். எங்கள் வீட்டில் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறைக்குத் திரும்ப வருகிறது. பங்காளி வீடுகளிலும் அதே பெயர்தான். பெயரை வைத்துத் தேடினால் ஆள் மாறிவிடும். நிலத்தை வைத்துத் தேட வேண்டும்.

பிறப்புப் பதிவேடு கைகொடுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் கிராமத்துப் பதிவேட்டில் தகப்பன் பெயர் இருக்கிறது, ஆண் அல்லது பெண் என்று இருக்கிறது, பிள்ளையின் பெயர் இல்லை. பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவார்கள் போல. பல வருடத்துப் புத்தகங்களைக் கரையானும் தின்றுவிட்டது.

பெட்டியில் இருந்த ஆகப் பழைய பத்திரத்தில் ஆங்கில வருடமே இல்லை. 'விகாரி வருஷம் தை மாதம்' என்று மட்டும் இருந்தது. விகாரி அறுபது வருடத்துக்கு ஒரு தடவை வரும். 1839, 1899, 1959, எதுவாகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் விக்டோரியா ராணியின் தலை இருந்ததால் 1959 அடிபட்டது. 1839 என்றால் கம்பெனி காலம், ராணி தலைக்கு வேலையில்லை. ஆக அது 1900 ஜனவரி, பிப்ரவரி வாக்கில் எழுதியது. ஊரை 'மதுரை ஜில்லா' என்று எழுதியிருந்ததும் ஒத்துவந்தது. எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகும் வரை மதுரையோடுதான் இருந்தது. 1985-ல் சிவகங்கை தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆவணக் காப்பகத்தில் தேடுகிறவர்கள் இன்றைய மாவட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை, அந்தந்தக் காலத்து ஜில்லாவின் பெயரில் கேட்க வேண்டும்.

அந்தப் பத்திரத்தில் வாங்கியவர், விற்றவர் பெயரைவிட எனக்கு உதவியது நான்கெல்லை விவரம். வடக்கே இன்னார் புஞ்சை, கிழக்கே இன்னார் புஞ்சை என்று வரும் பெயர்கள் பெரும்பாலும் பங்காளிகளுடையவை. ஒரே நிலத்தை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டால் பக்கத்துப் பக்கத்தில்தானே இருப்பார்கள்? நான்கு எல்லையில் மூன்று பேர் ஒரே தகப்பன் பெயரோடு இருந்தார்கள். வீட்டில் யாருமே கேள்விப்படாத இரண்டு சகோதரர்கள் அப்படிக் கிடைத்தார்கள்.

பெட்டியில் இல்லாதவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகம். இணையத்தில் வில்லங்கம் பார்ப்பது பெரும்பாலும் 1975-க்குப் பிந்தைய பதிவுகளுக்குத்தான். அதற்கு முந்தையவற்றுக்கு மனுப்போட்டு, பழைய அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டித் தேடச் சொல்ல வேண்டும். "உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம்?" என்று கேட்டால் பயப்பட வேண்டாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, முதல் புத்தகத்தில் பதிவான கிரயம், பாகப்பிரிவினை போன்றவற்றின் நகலைக் கட்டணம் கட்டி யாரும் வாங்கலாம். உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும், எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தருவார்கள். அலுவலக எல்லைகள் மாறியிருப்பதால், அந்தக் காலத்தில் நம் ஊர் எந்த அலுவலகத்தில் இருந்தது என்று பத்திரத்தின் பின்பக்கத்து முத்திரையைப் பார்த்துக்கொண்டு போவது நல்லது.

அப்படி வாங்கியதில் தங்கம் என்றால் 1913-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம்தான். அண்ணன் தம்பி அத்தனை பேரும் வரிசையாக வந்துவிடுகிறார்கள். மூத்தவர் 'தற்சமயம் ரங்கூனில் இருப்பவர்', அவருக்காக இன்னொருவர் கையெழுத்து. நடுவில் ஒருவர் இறந்துபோயிருக்க, அவருடைய மகனுக்காக 'மைனர், வயது 7, மேற்படியாருக்குத் தாயாரும் கார்டியனுமான' என்று ஒரு பெண்ணின் பெயர். அந்த மைனர் என் தாத்தா. பிறந்தது 1906 வாக்கில் என்று அதை வைத்துத்தான் தெரிந்தது. அந்தத் தாயாரின் பெயரை அப்பத்தாகூடச் சொன்னதில்லை. மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாதாம். நூற்றுச் சொச்சம் வருடக் காகிதங்களில் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி பெயரோடு வருவது இந்த ஒரு இடத்தில்தான். புருஷன் செத்து, கொழுந்தன்மார் பங்கு பிரித்ததால் வந்தாள்.

அதற்கும் மேலே போவது கஷ்டம். எங்களுடையது ஜமீன் கிராமம். குடியானவர் நேரடியாகச் சர்க்காருக்கு வரி கட்டிய ரயத்துவாரி ஊர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செட்டில்மெண்ட் பதிவேடு, அதாவது நிலமும் வரியும் எழுதிய புத்தகம், உண்டு. ஜமீன் ஊர்களுக்கு 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் ஜமீன் கொடுத்த பட்டா, குடியானவர் பதிலுக்கு எழுதிக்கொடுத்த முச்சலிக்கா என்ற ஒப்புதல் சீட்டு, அவ்வளவுதான். முன்னோருக்கு இனாம் நிலம் (வரி இல்லாமலோ குறைத்தோ மானியமாக விட்ட நிலம்) இருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்: 1858-ல் ஏற்பட்ட இனாம் கமிஷன் எழுதிய பதிவேடுகளில் அனுபவிப்பவரின் பெயர், வயது, முதலில் இனாம் பெற்றவருக்கு என்ன உறவு என்பதெல்லாம் இருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அவற்றைக் கேட்கலாம்.

அம்மா வழியில் இந்த வித்தை எதுவும் பலிக்கவில்லை. அவர்களுக்கு நிலமே கிடையாது, எனவே பத்திரமும் இல்லை, கோர்ட்டு வழக்கும் இல்லை. கிடைத்தது குலதெய்வக் கோவிலின் தலைக்கட்டு வரி நோட்டு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலித்த கணக்கு. காணி இல்லாதவரும் மாசிக் களரி என்ற கோவில் திருவிழாவுக்கு வரி கொடுத்தாக வேண்டும். கல்யாணம் ஆனதும் பையன் தனித் தலைக்கட்டாகச் சேர்வான். பெயர் புதிதாக நுழையும் வருடத்தைப் பார்த்தால் கல்யாணம் எப்போது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். நோட்டு 1960-களுக்கு முன்னால் போகவில்லை. முந்தைய நோட்டுகள் பழைய பூசாரி வீட்டில் இருக்கலாம் என்கிறார்கள். அவர் மகன் திருப்பூரில் இருக்கிறாராம், மாமா நம்பர் வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார்.