எச்81 போர்டில் 16 ஜிபி: சிப் எண்ணைப் படித்து ரேம் வாங்கிய அனுபவம்

எச்81 மதர்போர்டில் 16 ஜிபி ஏறிவிட்டது! பிராசசர் இன்டெல் ஐ5-4590. போர்டில் இரண்டே ஸ்லாட், ஸ்லாட்டுக்கு 8 ஜிபி, அதற்கு மேல் அது தாங்காது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரல், பிழை என்று ஒரு சிவப்பு வரிகூடக் காட்டாமல் முழுச் சுற்றையும் முடித்தது. யாங்கோனில் கரண்ட் இருக்கிற லட்சணத்தில் அந்தச் சுற்றை முடிப்பதே தனி வேலை. பாதியில் கரண்ட் போனால் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். அதனால் இன்வெர்ட்டரில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு இதை மட்டும் ஓடவிட்டேன்.

இந்தப் போர்டு யாங்கோனுக்குப் பக்கத்து ஊரான தன்லின்னில் இருக்கும் மச்சானுடையது. புதிதாக வாங்கிய தலா 8 ஜிபி ரேம் ஸ்டிக் ஜோடியோடு என்னிடம் கொடுத்தார். ஜோடியைப் போட்டால் பேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. ஒற்றை ஸ்டிக், ஸ்லாட் மாற்றி, பயாஸ் பேட்டரியைக் கழற்றி, மழைக்கால ஈரம் படிந்த கான்டாக்ட்டுகளை அழிரப்பரால் தேய்த்து என்று வழக்கமான சடங்கெல்லாம் செய்தாயிற்று. "போர்டு பழசு தம்பி, செத்துப்போச்சு, வேற வாங்கிக்க" என்று ரேம் விற்றவர் மச்சானிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் மச்சானுடைய பழைய 4 ஜிபி ஸ்டிக்கைப் போட்டால் அதே போர்டு உடனே எழுந்துகொள்கிறது. அப்படியிருக்க போர்டு மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் பழைய ஏஎம்டி எஃப்எக்ஸ் பிராசசர் போட்ட மெஷின் ஒன்று இருக்கிறது. ஜோடியை அதில் செருகியதும் 16 ஜிபி என்று பளிச்சென்று வந்தது. அப்போதே விஷயம் பிடிபட்டுவிட்டது.

ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே ஓடும் பாதை 64 பிட் அகலம். 8 பிட் அகல சிப் என்றால் எட்டு சேர்ந்தால் அந்தப் பாதை நிரம்பும்; அப்படி நிரப்பும் ஒரு தொகுதிதான் ஒரு ரேங்க். 8 ஜிபி ஸ்டிக்கில் பதினாறு சிப், இரண்டு ரேங்க். 4 பிட் அகல சிப் என்றால் பதினாறும் சேர்ந்தால்தான் ஒரு ரேங்க். இரண்டிலும் பதினாறு சிப்தான் என்பதால் பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியாது. 4 பிட் சிப்புகள் சர்வர் ரேமுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் நெடுவரிசை (column) முகவரி 11 பிட், 8 பிட் சிப்பில் 10 பிட். இன்டெலின் சாதா டெஸ்க்டாப் பிராசசருக்கு 8, 16 பிட் சிப்புகளோடு மட்டுமே பேசத் தெரியும். பழைய ஏஎம்டி இந்த 4 பிட் சிப்புகளையும் ஏற்றுக்கொள்ளும். சர்வர் சிப்புகளைச் சாதா பலகையில் ஒட்டி "ஏஎம்டிக்கு மட்டும்" என்று மலிவாக விற்கிறார்கள். கை மாறிக் கை மாறி வரும்போது அந்த "மட்டும்" உதிர்ந்துவிடுகிறது.

ஆகவே ஜிபியையும் 1600 என்ற வேகத்தையும் மட்டும் பார்த்து யாரும் டிடிஆர்3 (இந்தப் போர்டு ஏற்கும் ரேம் ரகம்) வாங்காதீர்கள். ஸ்டிக்கரில் 2ஆர்×8 என்றோ, 4 ஜிபி என்றால் 1ஆர்×8 என்றோ இருக்க வேண்டும் (ஆர் முன்னால் இருப்பது ரேங்க் எண்ணிக்கை, ×8 என்பது சிப்பின் பிட் அகலம்). பக்கத்தில் பிசி3-12800யூ என்று இருக்கும். கடைசி எழுத்து முக்கியம்: யூ என்றால் சாதா டெஸ்க்டாப், ஆர் என்றால் சர்வர் ரிஜிஸ்டர்ட், அது இந்த போர்டுகளில் ஓடவே ஓடாது. இந்த விவரங்கள் இல்லாத வெறும் "8ஜிபி 1600" ஸ்டிக்கர் என்றால் சிப்பையே படித்துவிட வேண்டியதுதான். லேசரில் பொறித்த எழுத்து, கறுப்பில் சாம்பல். போன் டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. ஸ்டிக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒளி சரிந்து விழும்போது இன்னொரு போனில் படம் எடுத்துப் பெரிதாக்க வேண்டும். சாம்சங் என்றால் கே4பி4ஜி08 என்று தொடங்கும். 4ஜி என்பது 4 ஜிகாபிட் கொள்ளளவு, அடுத்த 08 அகலம். அங்கே 04 இருந்தால் இன்டெல் டெஸ்க்டாப்புக்கு ஆகாது. ஹைனிக்ஸில் எச்5டிக்யூ4ஜி83 என்றால் நல்லது, 4ஜி43 என்றால் வேண்டாம். மைக்ரான் சிப்பில் ஐந்தெழுத்துக் குறிதான் இருக்கும், அந்தக் கம்பெனியின் தளத்தில் போட்டுத் தேட வேண்டும். மச்சானின் ஜோடியில் எழுத்துகளைச் சுரண்டி வைத்திருந்தார்கள்! அதனால் லினக்ஸில், ஸ்டிக்கில் பதிந்திருக்கும் விவரத்தைப் படித்துக் காட்டும் டிகோட்-டிம்ஸ் நிரலை ஓட்டிப் பார்த்தேன். டிவைஸ் அகலம் 4 பிட் என்று எழுதியிருந்தது.

இதே காரணத்தால் பழைய சரக்கில் அலுமினிய மேலங்கி போட்ட ஸ்டிக்குகளை நான் தொடுவதே இல்லை. உள்ளே என்ன சிப் என்று பார்க்க வழியில்லை.

கடைசியில் வாங்கியது சாம்சங் எம்378 ஜோடி, 2ஆர்×8. சாம்சங் ஸ்டிக்கின் மாடல் எண் எம்378 என்று தொடங்கினால் டெஸ்க்டாப், எம்393 சர்வர், எம்471 லேப்டாப். இந்த மூன்றை மனப்பாடம் செய்துகொண்டால் கடையில் பாதி வேலை முடிந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்பவர்களிடம்தான் இப்படிப்பட்ட அசல் சரக்கு கிடைக்கிறது. பளபளவென்று டப்பாவில் புதிதாக வரும் பெயர் தெரியாத ஸ்டிக்கைவிட, கம்பெனி மெஷினிலிருந்து கழற்றிய தூசி படிந்த ஸ்டிக்கை நான் அதிகம் நம்புவேன். வாங்குமுன் "அண்ணே, போர்டு கொண்டுவந்து போட்டுப் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். நல்ல வியாபாரி மறுக்க மாட்டார்.

16 ஜிபி ஒற்றை டிடிஆர்3 ஸ்டிக் கிடைக்கிறதே, இரண்டு போட்டு 32 ஆக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்கு 8 ஜிகாபிட் சிப் வேண்டும். இந்த நான்காம் தலைமுறை ஐ5 அதை ஏற்காது. 1866 ஸ்டிக்கும் இந்தப் போர்டில் வீண், 1600க்கு மேல் ஓடாது.

அடுத்து ஏஎம்டி ரைசனுக்கான பி450 போர்டு ஒன்று கைக்கு வரவிருக்கிறது. அதற்கு டிடிஆர்4, போர்டுக் கம்பெனி சோதித்துப் பார்த்த ரேம் பட்டியலை இப்போதே இறக்கி வைத்துவிட்டேன். டிடிஆர்5 பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: ரைசன் 7000 வரிசையில் இரண்டு ஸ்டிக்குக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 5200, நான்கு போட்டால் 3600தான். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு சின்ன ஸ்டிக்கோடு தொடங்காமல் முதலிலேயே இரண்டு பெரிய ஸ்டிக்காக வாங்கிவிடுங்கள்.

மச்சானின் மெஷினுக்கு இன்னும் பின்பக்க பேன் மாட்டவில்லை, எஸ்எஸ்டியும் பாக்கி. அந்த 4 பிட் ஜோடி என் எஃப்எக்ஸ் மெஷினிலேயே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மெஷினை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கொடுத்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் தமிழ்99 தட்டப் பழக அது தாராளம். பவர் சப்ளையை மட்டும் மாற்ற வேண்டும்.